இறகு வாத்தியாரும் வைகைத் தண்ணீரும்

மதுரை மாவட்டத்துச் சேவல்கள் அனைத்தும் அஞ்சி வாழ்ந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான். நானும் ஆசிரியராக இருந்த மிஷன் பள்ளியில் புவியியல் கற்பித்த அவரைப் பெயர் சொல்லி எவரும் அழைத்ததில்லை. அவர் இறகு வாத்தியார்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே கோழிக்கடையில் நிற்கும்போது அவரும் நிற்பார். "கறி வேணாம் பாய், சேவக் கழுத்து இறகு மட்டும் குடுங்க."

"இதைக் கொண்டுபோனா அக்கா எதைச் சார் கொழம்பு வைக்கும்?"

அந்த இறகுகளை நூலால் தூண்டில் முள்ளில் கட்டிப் பொய்ப் பூச்சி செய்வார். பள்ளிக் கிடங்கில் பழைய துரை ஒருவர் விட்டுச்சென்ற மூங்கில் தூண்டிலில் அதை மாட்டி, சோழவந்தானருகே வைகை மடுவில் இடுப்பளவு நீரில் நின்று வீசுவார். புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. நீண்ட நூல் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாகப் பறக்கும்.

"யாருக்கு மாப்ள பேய் ஓட்டுறாரு?" என்று கரையில் கேட்பார்கள்.

சிக்கிய மீனை முத்தமிடாத குறையாகத் தடவி, திரும்ப நீரில் விட்டுவிடுவார். கரையோரக் கொடிக்காலில் வெற்றிலை பயிரிட்டவர் மனம் நொந்தார்: "புடிச்ச மீன விடுறதுக்கு அதை எதுக்குய்யா புடிக்கணும்?" பதில் கிடைக்காது. ஆற்றில் இறங்கினால் ஒரு சொல்லும் பேசலாகாது என்பது வாத்தியாரின் சட்டம்.

என் மனைவி இறந்த ஆண்டு அது. மாலையில் வீட்டுப் பூட்டைத் திறக்க அஞ்சினேன். உள்ளே இருந்த அமைதி அப்படிப்பட்டது. எவரிடமும் கூறவில்லை. ஒரு சனிக்கிழமை அவராகவே வந்தார்.

"வாங்க சார், ஆத்துல போய்ச் சும்மா இருப்போம்."

நீரைக் கண்டால் எனக்கு நடுக்கம் என்றேன்.

"வைகையில தண்ணிக்குப் பயந்த ஒரே மதுரைக்காரர் நீங்கதான் சார்."

ஆற்றின் நடுவே ஒரு பாறையில் என்னை அமர்த்தினார். நூல் காற்றைக் கீறும் ஓசையும் மீன்கொத்தியும் தவிர வேறில்லை. அங்கிருந்த அமைதி என்னை அச்சுறுத்தவில்லை. அதன்பின் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்திருந்தார்கள். "திங்கக்கெழமைதான் சார் தண்ணி இங்க வரும்" என்று புவியியல் கணக்குச் சொன்னார் வாத்தியார். பாறையைச் சுற்றி முதலில் நுரை வந்தது, பின்பு சருகுகள், பின்பு ஒற்றைச் செருப்பு. வெள்ளம் வருகிறது என்று கத்த நினைத்தேன். ஆயினும் சட்டம் சட்டமல்லவா? இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்ற நான், வகுப்பில் அனுமதி கேட்கும் மாணவனைப் போலக் கையை உயர்த்தினேன். அவர் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரலை வைத்தார்.

"வாத்தியாரே! தண்ணி வருது! ஏறுங்கய்யா!" கொடிக்கால்காரர் கரையில் அலறினார்.

வாத்தியார் பாய்ந்து கரையேறினார். நான் எழுந்து நின்றேன்; அதற்குமேல் கால் நகரவில்லை. கலங்கிய நீர் பாறையை மூடி என் முழங்காலைத் தொட்டது. கரை ஒவ்வொரு கணமும் விலகிப்போவதாகத் தோன்றியது. அப்போது அவர் தூண்டிலை எறிந்துவிட்டுத் திரும்ப இறங்கினார். மார்பளவு நீரில் தடுமாறி வந்து என் மணிக்கட்டைப் பற்றினார்.

"என்னையப் பாருங்க சார். தண்ணியப் பாக்காதீங்க."

பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. கொடிக்கால்காரர் நீட்டிய மூங்கிற்கழியைப் பிடித்துக் கரை சேர்ந்தோம்.

கொடிக்கால்காரர் தம் துண்டை எங்கள்மேல் போர்த்திக்கொண்டே திட்டினார். "அம்புட்டுத் தண்ணிக்குள்ள திரும்பப் போறீகளே, நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"அப்பறம் எதுக்குய்யா போனீக?"

வாத்தியாருக்குப் பற்கள் தந்தியடித்தன. "சாருக்குத் தனியா நிக்கப் பயமா இருக்கும்ல."

சென்ற மாதம் மருத்துவமனையில் அவர் தனியாகக் கிடக்கிறார் என்று கேட்டு, நான் பேருந்து பிடித்து அரைமணி நேரத்தில் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டார். அந்த அரைமணி நேரம் அவருக்குப் பயமாக இருந்திருக்குமோ என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.