காணாமல் போன டபரா

சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனி சூப்பர்வைசர் மாசிலாமணிக்கு ஆஸ்துமா. இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பார். மூச்சுப் பயிற்சி என்றால்தான் வேப்பங்காய். திருப்பதியில் பிசியோதெரபி பார்க்கும் சுஷ்மிதா சொன்னது இவ்வளவுதான்: மூக்கால் இழு, உதட்டைக் குவித்து மெதுவாக விடு.

“மூச்சு வுடறதுக்கு ஒரு வாத்தியாரா?” என்பது அவர் கட்சி.

போன சீசனில் இழுப்பு முற்றி, அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் மனைவி கோதை. அந்தப் பயம் இன்னும் அவளை விடவில்லை. “கதவ சாத்திக்கினாவது செய்யுங்க” என்று கெஞ்சினாள்.

கதவைச் சாத்திக்கொண்டார். சுஷ்மிதா செய்து காட்டியதைச் செல்போனில் பதிந்து வைத்திருந்தார் மனுஷன். தினமும் போன் மூச்சுவிட்டது. அவர் போர்வைக்குள் புகுந்தார். மூளை என்றால் மூளை!

அந்த வாரமே வீட்டில் டபராவைக் காணோம்.

“காபிய எதுல ஆத்தறது?”

“பக்கத்து வூட்டு சந்திரம்மா வாங்கிக்கினு போனாங்க. ஊதிக் குடிங்க.”

“திருப்பிக் கேளேன்.”

“ஒரு டபராவுக்கா? இன்னா நெனைப்பாங்க?”

டம்ளரோ விளிம்புவரை தளும்பும். வேகமாக ஊதினால் சட்டை பாழ். வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். மூக்கால் மணம் பிடித்து, உதட்டைக் குவித்து, மெல்ல மெல்ல ஊதினார். சாயங்காலமும் அதே கதை. ரசம்கூடக் கொதிக்கக் கொதிக்கத்தான் வந்தது.

அடுத்த முறை திருப்பதியில் சுஷ்மிதா நீட்டிய, மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயை ஊதினார். முள் கிடுகிடுவென ஏறியது.

“சாலா பாகுந்தி அங்கிள்! ரொம்ப நல்லாருக்கு! தினம் செஞ்சீங்களா?”

“பின்ன?” மீசையைத் தடவினார்.

“நல்லது. இனிமே மெதுவா படி ஏறிப் பழகணும்.”

திரும்பி வரும் பஸ்ஸில், காலடிச் சத்தத்தை எப்படிப் பதிவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கோதை ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“போன்ல மூச்சு வுட்டது அந்தப் பொண்ணுதானே?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கெப்டி தெரியும்?”

“அதுல உங்க விசில் சத்தம் இல்லயே. ராத்திரி பூரா உங்க மூச்சதான் கேட்டுக்கினு படுத்திருக்கேன். இப்பதான் கொஞ்ச நாளா நானும் தூங்கறேன்.”

அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

“அப்ப டபரா?”

“அரிசிப் பானைல.”

மறுநாள் காலை மேஜைமேல் டபரா பளபளவென்று இருந்தது. ஒருவழியாக ஜெயித்துவிட்டோம் என்று சட்டமாக உட்கார்ந்தார். காபி வரவில்லை.

“கோதை! காபி எங்க?”

குரல் மேலேயிருந்து வந்தது.

“மொட்டமாடில இருக்குது. டபராவ எடுத்துக்கினு மெதுவா ஏறி வாங்க!”