தெருவுக்கு உயிர் கொடுப்பவர்

பழைய தெரு என்று ஒன்று இருந்தால் போதும், இந்த இனத்தில் ஒருவர் அங்கே தப்பாமல் முளைத்துவிடுவார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் நின்று, கைவிரல்களைச் சட்டம்போல் கோத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக உங்கள் வீட்டைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். "இந்தத் தெருவுக்கு உயிர் கொடுக்கணும் சார்" என்பார். அப்படியானால் இத்தனை நாள் அதில் குடியிருந்த நாமெல்லாம் யார்? பேய்களா?

எங்கள் தெருவுக்கு வாய்த்தவருக்கு என் மனைவி வைத்த பெயர் உயிரூட்டி. தெரு கிழடுதட்டிப்போனது என்னவோ உண்மைதான். கடைகள் பாதி பூட்டிக் கிடந்தன, பிள்ளைகள் வேலை தேடிப் போய்விட்டார்கள், சாக்கடை மட்டும் எங்கும் போகாமல் அங்கேயே நின்றது. உயிரூட்டி கூட்டம் போட்டார். சுவரெல்லாம் ஓவியம், ஓவியத்தைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள், பயணிகளுக்குக் காபிக் கடை, காபிக் கடையால் செழிப்பு, செழிப்பால் போன பிள்ளைகள் திரும்பி வருவது என்று அவர் படிப்படியாக ஏற, உட்கார்ந்திருந்த எங்களுக்கு மூச்சு வாங்கியது. எல்லா ஓவியமும் ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டுமாம். பூனையைப் பக்கத்துத் தெரு பிடித்துக்கொண்டது, குடையை அதற்கடுத்த தெரு. மிச்சமிருந்தது திமிங்கலம்.

"கடலைப் பாக்கணும்னா இங்கேருந்து ராத்திரி பகலா ரயில்ல போகணுமே சார்?" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"அதனாலதான் சார் ஆச்சரியமா இருக்கும்!"

எந்தக் குறையைச் சொன்னாலும் அதைக் கலையாக்கிவிடுவது இந்த இனத்தின் லட்சணம். சாக்கடை அடைத்திருக்கிறது என்றால், "அலைன்னு வச்சுக்குவோம்." சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்றால், "தொடாதீங்க, அது பவளப்பாறை!" மாடி ஒழுகுகிறது என்று சொல்லப் போனவர், தம் வீட்டை நீர்வீழ்ச்சி ஆக்கிவிடுவாரோ என்று பயந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

சாரம் கட்டினார்கள், நீலத்தை வாளி வாளியாகப் பூசினார்கள், தெரு நீளத்துக்கு ஒரு திமிங்கலம் படுத்துக்கொண்டது. தலை, துணி தைத்துப் பிழைக்கிற தையலக்கா வீட்டுச் சுவரில், வயிறு பூட்டுக்கடையில், வால் எங்கள் வீட்டில். "உங்க ராசிக்கு வால் கெடச்சதே பெருசு" என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

தலை கிடைத்தவர் பாடுதான் திண்டாட்டம். தையலக்காவுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே ஜன்னல். அந்த ஜன்னல் கதவுகளின் மேல்தான் திமிங்கலத்தின் கண்ணை வரைந்திருந்தார்கள். மூடினால் அக்காவுக்கு வெளிச்சம் இல்லை. திறந்தால் திமிங்கலத்துக்குக் கண் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம் வேறு. சீருடைத் துணி கூரை வரை அடுக்கியிருந்தது. சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், அக்காவுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பில்லை.

"பகல்ல மட்டும் மூடி வைங்கக்கா" என்றார் உயிரூட்டி.

"பகல்லதானே தம்பி வெளிச்சம் இருக்கு?"

"லைட்டு போட்டுக்குங்களேன்."

"லைட்டுல கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒண்ணாத் தெரியுது. நீங்க வந்து பிரிச்சுக் குடுக்குறீங்களா?"

"நம்ம தெருவுக்காகக்கா!"

அந்தத் தெருவில்தான் அக்காவும் குடியிருக்கிறார் என்பது அந்த மனுஷருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை. எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவார், பாவம், அக்கா மூடினார். பயணிகள் வந்தார்கள். ஒரு நாள் புழுக்கம் தாங்காமல், வாயில் நூலைக் கவ்வியபடியே அவர் ஜன்னலைப் படாரென்று திறக்க, வெளியே நின்ற கூட்டம் கைதட்டியது. "கண்ணு சிமிட்டுது, கண்ணு சிமிட்டுது!" உயிரூட்டி சளைப்பாரா? "இது நான் முதல்லயே யோசிச்சு வச்சதுதான்" என்றார். மறுநாளே மணி ஒன்று வாங்கிவந்தார். கூட்டம் வந்து அவர் மணியடித்தால், அக்கா எழுந்துபோய்த் திமிங்கலத்தைக் கண் சிமிட்ட வைக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடி ஓடித் திறந்து மூடிய அவசரத்தில் அக்கா ஒரு கால்சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துவிட்டார்.

அந்தக் காலரைப் பிரிக்கும்போதுதான் அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பூட்டுக்கடைக்காரரிடம் திருப்புளி வாங்கி, இரண்டு கதவுகளையும் கழற்றி, அறைக்குள் இரண்டு முக்காலிகளின் மேல் பரப்பி, திமிங்கலத்தின் கண்மேலேயே துணியைப் போட்டு வெட்ட ஆரம்பித்தார்.

உயிரூட்டி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அய்யய்யோ, திமிங்கலம் குருடாயிடுச்சேக்கா!"

"எனக்கு ஊசிக்காது தெரியுது தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில், எங்கள் வீட்டு வாலை நானே ஆட்டியிருப்பேன். சீருடை சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் உயிரூட்டி இனம் இதற்கெல்லாம் அடங்குமா? 'உலகின் ஒரே குருட்டுத் திமிங்கலம்' என்று பலகை மாட்டினார். கூட்டம் இரண்டு மடங்காயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன விடுமுறையில் நீங்களும் எங்கேயோ ஒரு பழைய தெருவுக்குப் போய் வந்தீர்கள், இல்லையா? அந்தப் படங்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் எங்காவது முறைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றால், அவர்தான் அந்த வீட்டுக்காரர். படம் அப்படி யாருமே இல்லாமல் வெகு அழகாக வந்திருக்கிறதா? அப்படியானால் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னது நீங்கள்தான்.