வீட்டுக்கு இரண்டு வண்டி

சுவிட்சர்லாந்துக்கு இதுநாள் வரை உலகம் கொடுத்துவந்த மரியாதையை இனி மேலப்புன்னைத்துறைக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. குமரிக் கடலோரத்தில் இருக்கும் இந்த ஊரின் 'மக்கள்தொகை மற்றும் பொருளாதார நிலைக் குறிப்பு' என்ற அரிய நூலை எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வழவழ தாள், கெட்டி அட்டை, அட்டையில் சூரிய உதயம். படம் கன்னியாகுமரியில் எடுத்தது. அதனால் என்ன, சூரியன் ஒன்றுதானே!

படிப்பறிவு நூற்றுக்கு நூறு. வீடெல்லாம் மாடி. வேலையில்லாதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. வீட்டில் சும்மா இருந்த சில பொறியாளர்களை 'விசா எதிர்பார்ப்போர்' என்று தனித் தொழில்பிரிவாகவே காட்டிவிட்டேன். என் மேலதிகாரி ஞானசிங் அதைப் படித்துவிட்டு, "இதுவல்லவா ஆய்வு!" என்று எழுந்து நின்று கைகொடுத்தார்.

ஆனால் நூலின் மணிமகுடம் 'வாகன அடர்த்தி'தான். வீட்டுக்கு இரண்டு வண்டி! என் கண்ணால் பார்த்து எண்ணியது. சில தார்ப்பாய்க்குள் இருந்தன; சில பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு போர்ட்டிகோவில் கிடந்தன. ஓட்டுகிறவர்கள் கத்தாரிலும் குவைத்திலும் இருந்தார்கள். 'ஓட்டுபவர் எங்கே?' என்று படிவத்தில் கேள்வி இல்லாததால் நானும் கேட்கவில்லை.

மீன் விற்கும் வேளாங்கண்ணி வீட்டில் நான் போனபோது மகன் டெல்வின் கத்தாரிலிருந்து வீடியோ காலில் இருந்தான்.

"அம்மோ, புல்லட்ட ஸ்டார்ட் பண்ணிப் போடு. பேட்டரி எறங்கிரும்."

அவள் பொத்தானை அமுக்கினாள். வண்டி உறுமியது. மகன் அங்கே கண் கலங்கினான். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. நான் 'இயங்கும் நிலையில் உள்ளது' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்கு இரண்டு வண்டி உள்ள ஊருக்குப் பேருந்து எதற்கு? குறிப்பின் பரிந்துரைப்படி, ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பேருந்து நின்றது. நூல் வெளியீட்டு விழாவும் அதே நாளில் அமைந்தது எங்கள் பாக்கியம். சமூகக் கூடத்தில் ஞானசிங் மைக்கைப் பிடித்த நேரத்தில், தலையில் சாளை மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தோடு வேளாங்கண்ணி உள்ளே வந்தாள்.

"சாரே, பஸ் எங்க? இந்த மீனு கோட்டாறு சந்தைக்குப் போணும்."

"அம்மா, உங்கள் ஊர், பேருந்து தேவைப்படும் நிலையைத் தாண்டிவிட்டது" என்றார் ஞானசிங் மைக்கிலேயே.

"ஊரு தாண்டிட்டு, நான் தாண்டலியே! வெள்ளனயே வந்து ஸ்டாப்புல நிக்கேன்."

"உங்கள் வீட்டில் புல்லட் இருக்கிறதே!"

"இருக்கு. ஓட்டுகதுக்கு அவன் கத்தாருலேருந்து வருவானா?"

"மருமகள்?"

"ஜின்சி அயர்லாந்துல நர்ஸு."

"அண்டை வீட்டார்?"

"அங்க மூணு வண்டி நிக்கி. முத்துநாயகம் மாமனுக்கு ரெண்டு கால் முட்டும் தேஞ்சு போச்சு."

ஞானசிங் என் பக்கம் குனிந்தார். "முட்டு பற்றி நம் குறிப்பில் இருக்கிறதா?"

"இல்லை சார்."

"அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் அம்மா."

"அடுத்த பதிப்பு வரைக்கும் சாளை நிக்குமா சாரே? ஆட்டோ பிடிச்சா வித்த காசு ஆட்டோக்கே சரி. அந்த ஆட்டோக்காரப் பயலும் போன மாசம் குவைத்துக்குப் போயிட்டான்!"

ஞானசிங் பெருந்தன்மையோடு அவையைப் பார்த்து, "இந்த அம்மாவை வண்டியில் கொண்டுவிட யாராவது இருக்கிறீர்களா?" என்றார். கூடம் முழுக்க நரைத்த தலைகள். ஒரே ஒரு கை உயர்ந்தது. அவருக்கு இன்னொரு பொட்டலம் மிக்சர் வேண்டுமாம்.

முதல் பிரதியை வேளாங்கண்ணியின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு ஏழு பேர் பேசினார்கள். வெயில் ஏற ஏற மீன் கெட்டது. வெளியே போய்த் தென்னை மரத்தடியில் அத்தனையையும் கொட்டிவிட்டு, "ஒரு நாளு பொழப்பு மண்ணாப் போச்சே, மாதாவே! நாளைக்கும் இதுதானா?" என்று அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் குறிப்பேட்டை எடுத்தேன். அழுகைக்குக் குறிப்பில் இடமில்லை. 'தென்னைக்கு இயற்கை உரம் இடும் வழக்கம் உண்டு' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

விழா முடிந்து வெளியே வந்தால் எங்கள் ஜீப் நின்றது, ஓட்டுநர் ஜெபிஷைக் காணோம். மூன்றாவது பேச்சாளர் பேசும்போது அவனுக்குத் துபாய் விசா வந்துவிட்டதாம். சாவியை மிக்சர் தட்டில் வைத்துவிட்டு, போட்டோகிராபரின் பைக்கில் ஏறிப் போய்விட்டான். எங்கள் இருவருக்கும் ஓட்டத் தெரியாது. அலுவலகத்துக்குப் போன் செய்தோம்.

"மேலப்புன்னைத்துறையிலயா சார் நிக்கிறீங்க? வீட்டுக்கு ரெண்டு வண்டி உள்ள ஊராச்சே! யாருகிட்டயாவது கேளுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

நடந்தோம். மெயின் ரோடு, மீன் நிறைந்த சருவத்தோடு யாரும் நடக்க முடியாத தூரத்தில் இருந்தது. வெறுங்கையோடு நடந்த எங்களுக்கே நாக்குத் தள்ளியது. முன்னால் வேளாங்கண்ணி சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். பஸ் டிப்போவில் போய் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாளாம். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. ஞானசிங் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நடங்கள். மீன் ரொம்ப நாறுகிறது."

வேளாங்கண்ணி நின்றாள். சருவத்தை இறக்கி, எங்கள் இருவருக்கும் தெரியும்படி சாய்த்துக் காட்டினாள்.

"மீன அப்பவே கொட்டியாச்சு சாரே. இப்ப உள்ள கெடக்கது ஒங்க புஸ்தகந்தான்."