பானையை முதுகில் கட்டாத சிலந்தி

பிள்ளைகளே, எந்த நாட்டுப் பழங்கதையை எடுத்தாலும் அதில் ஒரு தந்திரக்காரன் இருப்பான். ஊரையே ஏமாற்றுவான். கடைசியில் தான் போட்ட முடிச்சில் தானே மாட்டிக்கொண்டு முழிப்பான். இதைப் படித்துத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. நான் ஓசூர் மலைக்கோயிலில், ஒரு வகுப்புப் பிள்ளைகள் பசியோடு முறைத்துக்கொண்டிருக்க, நடுவில் நின்று தெரிந்துகொண்டேன்.

என் மகள் தேன்மொழி அப்போது மூன்றாம் வகுப்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் குடியேறியிருந்தோம். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. (படித்தது ஐ.டி.ஐ. கட்டுவதில் மட்டும் டாக்டர் பட்டம்.) அவள் பள்ளியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்கள், அதற்கு யாரும் சிரிப்பதில்லை. இவள் முதல் நாள் எங்கள் ஊர்ப் பேச்சில் "மிஸ் வந்துட்டாக" என்றாள். வகுப்பே சிரித்துவிட்டது. அன்று மூடிய வாய்தான். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மிஸ் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் வகுப்போடு மலைக்கோயிலுக்குப் போவதாகவும், உலகத்துத் தந்திரக்காரர்களைப் பற்றிப் பெற்றோர் யாராவது அங்கே கதை சொல்ல வேண்டும் என்றும் தகவல் வந்தது. உடனே கையைத் தூக்கினேன். அப்பா கதை பிடித்துப்போனால் மகளுக்கு ஒரு தோழியாவது கிடைக்காதா?

கதைகளை ஒரு வாரம் தேடித்தேடிப் படித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மலையில் குரங்குகள் உண்டே! தப்பு நடந்தபின் திருத்தாதே, நடக்க வழியே விடாதே என்று கம்பெனியில் தினமும் பாடம். அதனால் ஒரு கட்டு கேபிள் டை வாங்கிப் போனேன். பல் வைத்த பிளாஸ்டிக் பட்டை அது. இழுத்தால் முன்னால் போகும், பின்னால் வராது. மண்டபத்தில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு சாப்பாட்டுப் பையின் ஜிப் முனைகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன்.

"சார், இவ்ளோ டைட்டா வேணுமா?" என்றார் மிஸ்.

"மிஸ், குரங்கு குடும்பத்தோட வந்தாலும் அவுக்க முடியாது. வெட்டுற கட்டர் நம்மகிட்ட பத்திரமா இருக்கு" என்று என் தோள்பையைத் தட்டிக் காட்டினேன். தேன்மொழி ஏதோ சொல்ல வந்தாள். "இரும்மா, அப்பா பார்த்துக்கிறேன்" என்றேன்.

கதை பிரமாதமாகப் போனது. இந்த மலையிலேயே சாமி உடும்பு வேடம் போட்டு அம்மனுக்குப் போக்குக் காட்டினாராம், அம்மன் விடாமல் துரத்தினாராம் என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் புதரையெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஆப்பிரிக்காவின் சிலந்தி. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, யாருக்கும் கிடைக்காமல் மரத்து உச்சியில் ஒளிக்கப் பார்த்தது. பானையை வயிற்றில் கட்டியதால் ஏற முடியவில்லை. கீழே நின்ற அதன் பிள்ளை, "அப்பா, முதுகில் கட்டலாமே?" என்றதாம். இத்தனை அறிவை வைத்திருந்தும் இது தோன்றவில்லையே என்ற கோபத்தில் சிலந்தி பானையைப் போட்டு உடைத்தது. அறிவு எல்லோருக்கும் சிதறியது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் வைத்தேன். நிமிர்ந்தபோது, கதை சொல்லக் கழற்றி வைத்திருந்த என் தோள்பை கோபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குரங்கு அதை முதுகில் போட்டிருந்தது. (வயிற்றில் அல்ல, கவனிக்கவும்.)

எல்லாப் பைகளையும் கட்டிய நான், என் பையை மட்டும் கட்டவில்லை. கட்டர் அதற்குள்.

"அங்கிள், கதை சூப்பர். பாக்ஸ் எப்போ ஓப்பன் ஆகும்?" என்றான் மஞ்சு என்ற பையன்.

பல்லால் கடித்தேன். பல்தான் ஆடியது. கல்லில் தேய்த்தேன், பைதான் கீறிப்போனது. ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். "தேனு, உங்கப்பா மேஜிக் பண்றாரா, இல்ல நிஜமாவே மாட்டிக்கிட்டாரா?" என்று யாரோ கேட்க, நான் மகள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். தோழி தேடித்தர வந்தவன், இனி அவளைப் பள்ளிக்கே போக விடாமல் செய்துவிட்டேனே!

தேன்மொழி எழுந்து வந்தாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். பட்டையின் பூட்டுக்குள் இருக்கும் குட்டி நாக்கை அதைக்கொண்டு அமுக்கி, பட்டையைப் பின்னால் இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

நான் வாய் பிளந்தேன். "இது எப்படிம்மா தெரியும்?"

"டிவி ரிமோட்ட இதே பட்டையால கட்டில் காலோட கட்டி வச்சீகள்ல? நீங்க வேலைக்குப் போனதும் அவுத்துருவேன். வர்றதுக்குள்ள திரும்பக் கட்டிருவேன்."

(ரிமோட் அசையவே இல்லை என்று கம்பெனியில் பெருமை பேசியிருக்கிறேன்.)

"எனக்கு, எனக்கு!" என்று பைகளோடு பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். சஹானா என்ற பெண் தன் ஹேர்பின்னையும் உருவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்கப்பாக்கு இது தெரியாதா?"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்கப்பா பானைய முதுகுல கட்ட மறந்துட்டாக."

வகுப்பே சிரித்தது. ஆனால் இந்த முறை என்னைப் பார்த்து. அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று சஹானாவின் சித்ரான்னத்தில் பாதி இவள் டப்பாவில் இருந்தது. எனக்கும் ஒரு வாய் கிடைத்தது.

தேன்மொழி இப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் நான் எதையாவது சரிசெய்யப் போகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் போதும், அவளுக்கு முன்னால், எப்போதும் எங்கள் வீட்டிலேயே இருக்கும் சஹானா குரல் கொடுத்துவிடுவாள்: "அங்கிள், பானைய முதுகுல கட்டிட்டீகளா?"

சஹானா தன் வீட்டில் பேசுவது கன்னடம். அந்த 'கட்டிட்டீகளா' மட்டும் அசல் விருதுநகர்.