உன் அக்காளின் தாய்மொழி குறித்து

பேல்டீஹா கிராமம், பாகல்பூர் ஜில்லா
27 பிப்ரவரி 1981, வெள்ளிக்கிழமை முற்பகல்

சகல நற்குணங்களும் பொருந்திய மைத்துனன் சிரஞ்சீவி பீதாம்பர் மண்டலுக்கு, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் தாராபதி மண்டல் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். கொல்கத்தாவில் உனது சுகத்துக்கும், உனது சணல் ஆலையின் சுகத்துக்கும் மந்தார மலை மதுசூதனரை வேண்டுகிறேன். கடிதத்தைக் கையில் வாங்கியதும் நம் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் போல நீயும் முதலில் மூலையைத்தான் பார்த்திருப்பாய். மூலை கிழிந்திருந்தால் சாவுச் செய்தி. முழுசாக இருந்தால் வேறு ஏதோ தொல்லை. முழுசாகவே இருக்கிறது. ஆகவே பதறாமல், டீயைக் குடித்து முடித்துவிட்டுப் படி. வழக்கம்போலத் தூய ஹிந்தியில் எழுதுகிறேன். புரியாத சொல் வந்தால் மேஸ்திரியிடம் கேட்டுக்கொள், நீயாக அர்த்தம் கற்பித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். உன் அக்காள் சுனைனா பதின்மூன்று நாட்களாக என்னுடன் பேசுவதில்லை. உடம்பும் சற்று முடியவில்லை, ஆனால் அது பெரிதல்ல, அதற்காக நீ லீவு போட்டு ஓடி வர வேண்டியதில்லை. ஹோலிக்கு வந்தால் போதும். பேசாமல் இருப்பதுதான் பெரிது. நீ உடன்பிறந்தவன். 'புருஷனிடம் பேசு' என்று இரண்டு வரி எழுதிப் போடு. நான் படித்துக் காட்டுகிறேன்.

காரணம் கேட்டால் சிரிப்பாய். அரசாங்கம் என்னை நம்பி இந்தக் கிராமத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொடுத்திருக்கிறது அல்லவா? நூற்று முப்பத்திரண்டு வீடுகள். மார்ச் ஒன்றாம் தேதி சூரியன் உதிக்கும்போது யார் யார் உயிரோடிருக்கிறார்களோ அவர்கள்தான் கணக்கு. அதற்குள் பிறந்ததைச் சேர்க்க வேண்டும், இறந்ததை அடிக்க வேண்டும். இதைச் செக்கு ஓட்டும் புலாக்கியிடம் விளக்கினேன். "அப்போ ஒண்ணாந்தேதி வரைக்கும் நான் சாகக்கூடாதா சார்? செத்தா உங்களுக்கு அடிச்சுத் திருத்தற வேலை, பாவம்" என்றான் அந்தக் கிழவன். உன் தாய்மொழி என்ன என்று கேட்டேன். "வீட்ல பேசறதா சார்?" ஆமாம் என்றேன். "வீட்ல நான் பேசறதே கிடையாது. அவ பேசுவா, நான் கேட்டுக்குவேன்." ஹிந்தி என்று எழுதிக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஜமன், என் பழைய மாணவன்தான், இப்போது நான்கு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறான். அவனிடம் தாய்மொழி என்ன என்று கேட்டதற்கு, "எதைப் பேசினா தலையில செங்கல்ல வச்சு வெயில்ல நிக்க வைப்பீங்களோ, அதுதான் சார்" என்றான். அதற்கும் ஹிந்தி என்றே எழுதினேன். சிலர் 'நம்ம பேச்சு' என்றார்கள், சிலர் 'ஊர்ப் பேச்சு' என்றார்கள், கல்லூரிப் பையன் எவனோ துண்டுக் காகிதம் கொடுத்திருக்கிறான் போல, நாலைந்து வீட்டில் 'அங்கிகா' என்றும் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ஹிந்தி. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டுமா? அங்கிகா ஒரு மொழியா? வெறும் பேச்சு வழக்கு. அதற்கு ஒரு செய்தித்தாள் உண்டா, பரீட்சை உண்டா, அதில் ஒரு உத்தியோக விண்ணப்பம் எழுத முடியுமா? இதையெல்லாம் உனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக என் சொந்த வீடு. விதி விதிதான், சொந்த வீடானாலும் கேட்டுத்தான் எழுத வேண்டும். கட்டிலில் படிவத்தை விரித்து உட்கார்ந்தேன். உன் அக்காள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டேன். புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? "எதிர்ல உட்கார்ந்திருக்காரே மீசைக்காரர், அவரைக் கேட்டு எழுதிக்கோங்க" என்று சிரித்தாள். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. தாய்மொழி என்றேன். "அங்கிகா" என்றாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, பீதாம்பர். எண்ணெய் என்ன விலை என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன், அது மொழி அல்ல, ஹிந்தியின் கிளை, அதற்குத் தனியாக இலக்கணப் புத்தகம் வைத்துப் பள்ளியில் யாரும் பாடம் நடத்துவதில்லை என்று. அவள் கேட்டாள்: "அப்போ எங்க அம்மா எங்கிட்ட பேசினது என்ன? எங்க அம்மா ஊமையா?"

கேட்ட கேள்வியைப் பார்த்தாயா? உன் தாயாரும்தானே. நான் பாட்டுக்கு ஹிந்தி என்று எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதினேன் என்றே வைத்துக்கொள். ஆனால் முப்பது வருடமாக என் பாடப் புத்தக அட்டைகளைத் தூசி தட்டி அடுக்குகிறவள் அல்லவா, அந்த ஒரு சொல்லின் உருவம் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குனிந்து பார்த்தாள். "ஹிந்தின்னு எழுதிட்டீங்க" என்றாள். ஆமாம் என்றேன். "சரி. என் பேச்சு பேச்சே இல்லைன்னா, உங்ககிட்ட பேச எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதைத் திருத்துற வரைக்கும் உங்க ஹிந்தி என் வாயில வராது, உங்ககிட்ட நான் பேசவும் மாட்டேன். சூரிய தேவன் சாட்சி." சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் ஹிந்தி நான் போட்ட பிச்சை என்பது உனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த மறுநாளே, ஆசிரியன் வீட்டில் ஊர்ப் பேச்சு கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது திருத்துவேன், தண்ணீர் கொண்டு வரும்போது திருத்துவேன். ஹிந்தியில் கூரைக்குக்கூட ஆண், பெண் உண்டு. நம் பேச்சில் அந்தத் தொந்தரவு இல்லாததால் அவளுக்கு அது இன்றுவரை வரவில்லை. ஒரு நாள் சமையல்கட்டுக் கூரை எரிகிறது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள், கூரையைப் பெண்ணாக்கிவிட்டாள். நான் அவளை நிறுத்தி, சரியாகச் சொல் என்று இரண்டு முறை சொல்லவைத்தேன். மூன்றாம் முறை சொல்லும்போது கூரை இல்லை. அன்று கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றியவன் நீதான். அப்போது நீ என்னைத் திட்டியதை, அது ஹிந்தி அல்லாத காரணத்தால், நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

சரி, விரதத்துக்கு வருகிறேன். அவள் ஊமையாகிவிடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஜமன் பெண்டாட்டியிடம் பேசினாள், கோழியிடம் பேசினாள், எல்லாம் அங்கிகாவில். எனக்குச் சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொல்வாள். "ஏ ஆடே, சோறு ஆயிடுச்சு. யாருக்காச்சும் பசிச்சா வரச் சொல்லு." நான் வந்து உட்கார்ந்தால், "உப்புப் போதலைன்னா வாயைத் திறந்து கேக்கச் சொல்லு ஆடே. ஆனா தூய ஹிந்தியில கேட்டா இங்க யாருக்கும் புரியாது." பிள்ளை குட்டி இல்லாத வீடு, பீதாம்பர். அவளுக்கு நான், எனக்கு அவள். நடுவில் ஒரு ஆடு. ஊரே வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தது. என் மானம் கப்பலேறியது.

ஐந்தாம் நாள் அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு சரியாகிவிட்டது. மறுநாளும் வந்தது. ஆட்டிடம் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமை ஜமன் தானாகவே போய் வட்டார ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தான். டெல்லிப் பக்கத்துப் பையன், சுத்தமான உச்சரிப்பு, கேட்கவே சுகமாக இருந்தது. "என்ன செய்கிறது அம்மா?" என்று கேட்டான். உன் அக்காள் சத்தியம் தவறாதவள். அங்கிகாவில் சொன்னாள். கால் மணி நேரம் சொன்னாள். "நெஞ்சு நடுவுல அம்மிக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. நடந்தா வருது, உட்கார்ந்தா போகுது. இடது கை மரத்துப் போயி விரல் நுனி வரைக்கும் இழுக்குது. தாடையும் வலிக்குது, பல்லு வலின்னு முதல்ல நினைச்சேன். வேர்த்துக் கொட்டுது. இன்னிக்கு விடிகாலையில வந்தது போகவே இல்ல." டாக்டர் திருதிருவென்று விழித்துவிட்டு என்னைப் பார்த்தான். என் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. "மாஸ்டர்ஜி, படித்தவராக இருக்கிறீர்கள், இந்தப் பேச்சு உங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டான். "ஏதோ, கொஞ்சம் கொஞ்சம்" என்றேன் நான். அவ்வளவுதான் சொன்னேன். "மேல்வயிறு வலிக்கிறதாம்" என்றேன். வாயுத் தொல்லை என்று வெள்ளை மாத்திரை கொடுத்துவிட்டுப் போனான். ஜமன் பால் கறக்கப் போய்விட்டிருந்தான், இல்லாவிட்டால் இடையில் புகுந்திருப்பான். அவளாவது பிடிவாதத்தை விட்டு ஹிந்தியில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரியாதவளா? தப்பு இருபக்கமும் உண்டு என்பதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

டாக்டர் போன பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஆட்டிடமும் பேசவில்லை.

அது எனக்குத் தாங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வாய் நிறையத் திட்டினால்கூடத் தேவலை. நேற்றுக் காலை படிவத்தை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்கு நடந்தேன். அங்கிருந்த குமாஸ்தாவிடம் ஒரு பதிவைத் திருத்த வேண்டும் என்றேன். எது என்றான். தாய்மொழி என்றேன். பார்த்துவிட்டு, "சார், மேலே போனா எல்லாம் ஒரே மூட்டைதான். நீங்க அங்கிகான்னு எழுதினாலும் அங்க அதைத் தூக்கி ஹிந்தியில போட்டுக் கட்டிடுவாங்க. எதுக்கு மையை வீணாக்கறீங்க?" என்று கேட்டான். அவன் பேசியதே அங்கிகாவில்தான், அது அவனுக்கே தெரியவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் விளக்கக் கடிதம் வைக்க வேண்டுமாம். வைத்தேன். முப்பத்தோரு வருட சர்வீசில் நான் எழுதிய முதல் விளக்கக் கடிதம். 'கணக்கெடுப்பாளர் கேட்டதைக் கேட்டபடி எழுதத் தவறிவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவள் வரியில் ஹிந்தியை அடித்துவிட்டு, அங்கிகா என்று மேலே எழுதினேன். அந்தச் சொல்லை என் கை அதுவரை எழுதியதே இல்லை. நூற்று முப்பத்திரண்டு வீட்டில் அங்கிகா பேசும் ஆள் ஒருத்தி என்று இப்போது என் படிவம் சொல்கிறது.

வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது, அவள் கண்ணயர்ந்திருந்தாள். காலையில் காட்டலாம் என்று இருந்துவிட்டேன். இன்று இன்னும் எழவில்லை. நான்கு நாளாக முனகிக்கொண்டே கிடந்தவள் இன்று முனகாமல் தூங்குகிறாள், மாத்திரை வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். அவலும் தயிரும் எடுத்து மூடி வைத்திருக்கிறேன். படிவமும் மடியில் இருக்கிறது. எழுந்ததும் காட்ட வேண்டும், விரதம் முடிந்தது என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும். அந்த அமைதியில்தான் இவ்வளவும் எழுத நேரம் கிடைத்தது. ஆகவே நீ கவலைப்படாதே, வரவும் வேண்டாம். ஜமனின் தம்பி மாலை ரயிலில் கொல்கத்தா புறப்படுகிறான், அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நீயும் உன் மனைவி மக்களும் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அக்காளின் கணவன்,
தாராபதி மண்டல்

பின்குறிப்பு: பீதாம்பரா, மேல எழுதினதை விட்டுடு. மூலையைக் கிழிச்சுட்டேன். முழுசா இருக்குன்னு முதல்ல எழுதியிருப்பேன், அதை நம்பாதே. ஆடு ரொம்ப நேரமா கத்திக்கிட்டே இருந்துச்சு. உள்ள போயி எழுப்பினேன். "சுனைனா, எழுந்திரு, பாரு, நீ சொன்ன மாதிரியே எழுதிட்டேன்"னு நம்ம பேச்சுலயே சொன்னேன். முப்பது வருஷத்துல முதல் தடவை. அவ கேக்கல. உடம்பு சில்லுனு இருந்துச்சு. எப்போ போனான்னுகூட எனக்குத் தெரியல. ஜமன் பெண்டாட்டி வந்து தலைமாட்டுல உட்கார்ந்து ஒப்பாரி வச்சுக்கிட்டிருக்கா. அவ அழற ஒவ்வொரு வார்த்தையும் சுனைனா பேசற மாதிரியே இருக்கு. நானும் அழலாம்னு வாயைத் திறந்தேன். ஹிந்தியில எப்படி அழறதுன்னு தெரியலடா.

நாளன்னிக்குச் சூரியன் உதிக்கிறப்போ உயிரோட இருக்கறவங்கதான் கணக்கு. அதுக்கு முன்னாடி போனவங்க வரியை முழுசா அடிக்கணும். அடிக்க வேண்டியவன் நான்தான். அந்த ஒரு வரியும் போயிடும்.

நெருப்பு வைக்கிற நேரத்துக்கு உன்னால வர முடியாது. பத்தாம் நாளுக்காவது வா. வந்து நம்ம பேச்சுல என்னைத் திட்டு, கூரை எரிஞ்ச அன்னிக்குத் திட்டின மாதிரி. டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய். எனக்கு எல்லாமே புரியும்.