சம்பந்தியின் இடது பக்கத்துக் குவளை

மதிப்புக்குரிய சம்பந்தி டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் மகள் என்னோடு பேசுவதில்லை, என் மனைவி தேவைக்கு அதிகமாகப் பேசுகிறாள், எனக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தூக்கம் இல்லை. இவை நீங்கலாக எல்லோரும் நலம்.

கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் கிடக்கிறது. அடிக்கலாமா என்று அச்சகத்துக்காரர் தினமும் கேட்கிறார். தாங்கள் போனை எடுப்பதில்லை. சம்பந்தி அம்மாள் மட்டும், “மத்ததை அப்புறம் பேசிக்கலாம்” என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நான் வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தவன். அப்புறம் என்று சொன்ன எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் ஓடி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒயின் பண்ணையில் அன்று தங்கள் மூக்கு தவறவே இல்லை. தங்கள் குவளைகளை இடம் மாற்றி வைத்தவன் நான்.

எப்படி என்று வரிசையாக எழுதுகிறேன். அறிக்கை எழுதியே பழகிய கை, பொறுத்துக்கொள்ளவும். அந்தப் பண்ணையின் மீது தங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஊருக்கே தெரியும். காது மூக்கு தொண்டை நிபுணரின் அறையில் காதின் படம் மாட்டியிருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பண்ணையின் பழைய லேபிள்களைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவர் தாங்கள். இரண்டு குடும்பமும் நெருங்கிப் பழக வேண்டும் என்று பெருந்தன்மையோடு எங்கள் இருவரையும் தங்கள் காரிலேயே அங்கே அழைத்துப் போனீர்கள். வழியெல்லாம் மண்ணைப் பற்றியும் பீப்பாய் மரத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். என் மனைவி தூங்கிக்கொண்டே வந்தாள்.

நிலவறையில் முதலில் புது ஒயின்களை ஊற்றினார்கள். ஊதா கலந்த சிவப்பு. ஒரு வாய் உறிஞ்சியதும் நாக்கு சொரசொரவென்று ஆகி, பல்லெல்லாம் கறுத்துவிட்டது. பிறகு பழைய ஒயின்கள் வந்தன. செங்கல் நிறம், அடியில் மண்டி, வாயில் விட்டால் இருக்கும் இடமே தெரியாமல் இறங்கியது. “பழைய தோல் பெட்டி, காய்ஞ்ச இலை, ரொம்ப நாள் திறக்காத அலமாரி, ஒவ்வொண்ணா வருது பாருங்க” என்று தாங்கள் சொன்னீர்கள். எனக்கும் வந்தது. நாங்கள் கடைசியாக வீடு மாற்றியபோது வந்த அதே வாசனைகள்தான், ஆகவே எளிதில் அடையாளம் தெரிந்தது. எல்லோரும் சுவைத்துவிட்டு அங்கே வைத்திருந்த வாளியில் துப்பினார்கள். பெண் கொடுக்கப்போகிறவன் சம்பந்தி வீட்டார் முன்னால் துப்புவதாவது! எனக்கு மனசு வரவில்லை. ஊற்றியதை எல்லாம் மரியாதையாக விழுங்கிவிட்டேன். மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தலைக்கு ஏறியது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கடைசிச் சுற்றுக்கு அந்தப் பண்ணைக்கார அம்மாள் ஆளுக்கு இரண்டு கறுப்புக் கண்ணாடிக் குவளைகள் வைத்தார். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாதாம். ஒன்றில் மாப்பிள்ளை பிறந்த வருடத்து ஒயின், தாங்கள் சொல்லிவைத்து வந்தது. இன்னொன்றில் இந்த வருடத்தது, இன்னும் பாட்டிலுக்கே போகாதது. எது எது என்று சொல்ல வேண்டும். “என் பிள்ளை பொறந்த வருஷத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்” என்றீர்கள். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

இந்த இடத்தில்தான் தவறு நடந்தது. தாங்கள் பக்கத்து மேஜைத் தம்பதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தீர்கள். என் மூக்குக்கண்ணாடிக் கூடு உருண்டு தங்கள் குவளைகளுக்குப் பின்னால் போய் நின்றது. அதை எடுக்க இரண்டு குவளைகளையும் தூக்கினேன். திரும்ப வைக்கும்போது இடது வலதாகிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. (இதுவரை எழுதியதை வாங்கிப் படித்த என் மனைவி, “அன்னிக்கு நீங்க கண்ணாடியே கொண்டு வரலையே” என்கிறாள். கண்ணாடியைத்தான் கொண்டு வரவில்லை. கூட்டைக் கொண்டு வந்திருந்தேன்.)

தாங்கள் இடது பக்கத்துக் குவளையை எடுத்து முகர்ந்தீர்கள். கண் கலங்கிவிட்டது. “இதுதான். அன்னிக்கு நல்ல மழை. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுட்டு இருந்தேன். அந்த ஈர வாசனை அப்படியே இருக்கு” என்றீர்கள். சம்பந்தி அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பண்ணைக்கார அம்மாள் என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சார் சொல்றீங்க?” என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் முன்னால் இருந்த இடது பக்கத்து ஒயின் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்த எந்தப் பொருளும் இதுவரை விலை உயர்ந்ததாக இருந்ததில்லை. ஆகவே, “இது புதுசுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கீழே குனிந்து, இடது குவளைகளுக்கு எதிலிருந்து ஊற்றினாரோ அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஒரு பிளாஸ்டிக் கேன்.

அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. எனக்குத்தான் ஆறுதல் சொல்லும் ஆசை வந்தது. “விடுங்க சம்பந்தி, மூக்கடைப்பா இருக்கும்” என்றேன். மூக்கு டாக்டரிடம் சொல்லக்கூடிய ஆறுதலா அது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பக்கத்து மேஜைக்காரர் அடுத்த வாரம் தங்களிடம் ஆபரேஷன் செய்துகொள்ளவிருந்தவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் மெல்ல எழுந்து வந்து, “டாக்டர், எனக்கு அடைப்பு இடது மூக்குலதானே? நல்லா ஞாபகம் இருக்கில்ல?” என்று கேட்டதற்கு நான் பொறுப்பாக முடியாது. அதற்கு என் மனைவி சிரித்ததாகத் தாங்கள் நினைத்தால் அது தவறு. அவளுக்குப் பழைய இருமல்.

தாங்கள் சம்பந்தி அம்மாளை அழைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டீர்கள். நாங்களும் அதே காரில் வந்தவர்கள் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிருக்கும். பண்ணையின் சரக்கு வேனில், காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சௌகரியமாக வீடு வந்து சேர்ந்தோம். நடந்ததை மகளிடம் சொன்னேன். “சம்பந்தி மூக்கை உடைக்கறதுக்கா அங்க போனீங்க? ரெண்டு வருஷம் பொறுமையா இருந்து இந்தக் கல்யாணத்துக்கு உங்க எல்லாரையும் சம்மதிக்க வெச்சேன். ஒரு வாய் ஒயின்ல முடிச்சிட்டீங்களேப்பா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை போன் செய்து, “மாமா, எங்கப்பா சாப்பாட்டு மேஜையில தண்ணியைக்கூட முகர்ந்து பார்த்துட்டுக் குடிக்காம வெச்சிடறார்” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துவிட்டது, சம்பந்தி. நான் ஓய்வு பெற்றவன். தெரிந்த ஒரு விஷயத்தின் மீது ஒருவருக்கு நம்பிக்கை போய்விட்டால் அந்த நாள் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே தெளிவாகப் பதிவு செய்கிறேன். தாங்கள் முகர்ந்தது பழைய ஒயினைத்தான். மழை வாசனை மெய்யானது. தாங்கள் கண் கலங்கியது சரியான குவளைக்குத்தான். குற்றம் முழுவதும் என்னுடையது. இந்தக் கடிதத்தைப் பண்ணைக்கும் அந்த மூக்கடைப்புக்காரருக்கும் காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள்மேல் காட்டாமல், அச்சகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுகிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள், அவர் எந்த வருடம் பிறந்திருந்தாலும்.

தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் காத்திருக்கும்,
பெண்ணின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை தங்கள் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். அன்று கைக்குட்டை எடுக்கத் திரும்பியபோது தாங்களே தங்கள் குவளைகளை இடம் மாற்றி வைத்துவிட்டதாகவும், அது இப்போதுதான் நினைவுக்கு வந்ததாகவும், என்மேல் ஒரு தவறும் இல்லை என்றும், பத்திரிகையை அடிக்கச் சொல்லலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை படித்தேன். என் மனைவி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “ஒருத்தர் மாத்தியிருந்தா சரி. ரெண்டு பேரும் மாத்தியிருந்தா குவளை பழையபடி அதே இடத்துக்கு வந்துடுமே. அப்போ அன்னிக்கு சம்பந்தி முகர்ந்து சொன்னது தப்புதானே?” என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. நம் இருவரில் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். பெண்ணைப் பெற்றவன் நான், பின்வாங்குகிறேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் ரத்து செய்கிறேன். நான் தங்கள் குவளைகளைத் தொடவே இல்லை. தற்செயலாக, உண்மையும் அதுதான். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு என் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள், மாப்பிள்ளையும் கூட நின்று சிரித்தார். தாங்களும் சிரிக்கலாம் என்று அனுப்புகிறேன். சிரித்து முடித்த பிறகும் யார் கேட்டாலும், மாற்றியவர் தாங்கள் ஒருவர்தான்.