டவுட்டு அண்ணனும் என் பிஎச்.டி.யும்

மனிதர்களை நம்பாதவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தராசையும் தெர்மாமீட்டரையும்கூட நம்பாத ஒரே ஜீவன் எங்கள் டவுட்டு அண்ணன்தான். சூரியனே நேரில் வந்து விடிந்துவிட்டது என்று சொன்னாலும், "இன்னொருத்தரும் சொல்லட்டும்" என்பார். சொந்தப் பெயரைக் கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்குறே?" என்று திருப்பிக் கேட்பார். அதனால் டவுட்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

செங்கல்பட்டுப் பக்கம் தொழிற்சாலைகளும் கடற்கரைப் பக்கம் கட்டடங்களும் பெருகி, படித்த ஆள் போதவில்லை என்று எல்லாரும் கூப்பாடு போட்ட சமயம் அது. எங்கள் அரசுப் பல்கலைக்கழகம் பொறியியல் இடங்களையும் ஆராய்ச்சி இடங்களையும் ஒரேயடியாகக் கூட்டியது. வேலையில் இருப்பவர்களும் பகுதிநேரமாக பிஎச்.டி. படிக்கலாம் என்றது. செங்கல்பட்டிலிருந்து நான் முழுநேர மாணவியாகச் சேர்ந்தேன். புதுப்பட்டினத்தில் கட்டட இன்ஜினீயராக இருந்த டவுட்டு அண்ணன், நாற்பதைத் தாண்டிய பிறகு பகுதிநேர மாணவராக வந்தார். இருவருக்கும் ஒரே பேராசிரியை, ஒரே ஆய்வகம். கடற்காற்று பட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி.

முதல் நாளே என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இன்னா திடீர்னு இம்மாஞ் சீட்டு? நம்மள இட்டாந்து இன்னாவோ பண்ணப் போறாங்கோ."

"கம்பெனிங்களுக்கு ஆள் வேணுமாம்ணா. அவங்க கேக்கறாங்க, இவங்க குடுக்கறாங்க."

"கேட்டா குடுத்துடுவாங்களா? நானுந்தான் எங்க கம்பெனில ஒரு ஃபேன் கேட்டுகினு கீறேன்."

சேர்க்கைக் கடிதம் வந்ததும் அது மோசடியாக இருக்கும் என்று பஸ் ஏறிப் போய், வாசல் காவலாளியிடம், "இங்க யுனிவர்சிட்டி ஒண்ணு கீதா?" என்று விசாரித்த ஆள் அவர். காவலாளி தலைக்கு மேலிருந்த பெயர்ப்பலகையைக் காட்டினாராம். "போர்டு யாரு வோணா வெக்கலாம்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இரண்டு வகுப்புகளை எட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினார்.

பேராசிரியை திட்டினால் நிம்மதியாகத் தூங்குவார். பாராட்டினால் முகம் வெளிறிவிடும். "நல்லாக்கீதுன்னு சொல்றாங்கோ தங்கச்சி. மன்சுல இன்னா வெச்சுகினு சொல்றாங்கோ?"

ஒருமுறை மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் கம்பெனிக்காரர்களோடு கூட்டமும் விருந்தும். கோட் போட்ட ஓர் அதிகாரி மைக்கைப் பிடித்து, "உங்களைப் போன்ற ஆராய்ச்சியாளர்களுக்காகத்தான் நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்" என்று உருகினார். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் டவுட்டு அண்ணன் எழுந்தார்.

"எங்க சார் காத்துகினு கீறீங்க? அட்ரஸ் குடுங்க, வந்துர்றோம்."

அதிகாரி தண்ணீர் குடித்தார். பேராசிரியை கூரையைப் பார்த்தார். நான் பாயசக் கிண்ணத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இதுவரை சிரிக்கலாம். அடுத்து நடந்தது என் வயிற்றில் கைவைத்த விஷயம்.

பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய பொறியியல் துறையில் ஆசிரியர் வேலை இருந்தது. விண்ணப்பிக்கும் கெடுவுக்குள் என் வைவா, அதாவது பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு, முடிந்தாக வேண்டும். ஆய்வேடு கிட்டத்தட்டத் தயார். துருவின் அளவைச் சொல்லும் புது மெஷின் எனக்குப் படம் வரைந்தது போல் அழகான கோடுகளைக் கொடுத்திருந்தது. டவுட்டு அண்ணன் அவற்றை வெகுநேரம் பார்த்தார்.

"இம்மா அழகா வர்தா? எங்கியோ உதைக்குதே."

அதோடு விட்டிருக்கலாம். நேரே பேராசிரியையிடம் போய், மெஷினை நம்பக் கூடாது, இருவருடைய அளவுகளையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளும் சரி என்றுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க டவுட்டால என் வேலை போகப்போகுதுண்ணா!"

"போவாது. நான் கீறேன்ல?"

"அதாண்ணா பயமே!"

லீவு போட்டுவிட்டு வந்தார். புதுப்பட்டினம் கரையில் நாங்கள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் போட்டுவைத்திருந்த கான்கிரீட் கட்டிகளை உடைத்து, கம்பியை உருவி, துருவைத் தேய்த்தெடுத்து, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் உடைத்தார். நான் முறைத்துக்கொண்டே தேய்த்தேன். மீன்கூடையோடு போன ஓர் அம்மா நின்று, மணலில் வரிசையாகக் கிடந்த கட்டிகளைப் பார்த்தாள்.

"இன்னா சார், சிமென்ட்டுல கருவாடு போட்டுகினு கீறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் அடக்கிக்கொண்டேன்.

எடை பார்த்தோம். ஒரு தராசை நம்பாமல் இன்னொரு தராசிலும் பார்த்தோம். முடிவு? மெஷின் சொன்னதெல்லாம் சரி. கடைசிக் கம்பிவரை சரி. டவுட்டு அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"கரீட்டாத்தான் கீது. அதான் எனக்குப் புரியல."

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். இராப்பகலாக எழுதி ஆய்வேட்டைக் கொடுத்து, கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வைவாவில் போய் நின்றேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரிக்கத் தெரியாத மனிதர். கோடுகளை வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரொம்ப அழகா இருக்கே. புது மெஷின் வேற. எதை வச்சும்மா இதை நம்பினீங்க?"

"நாங்க நம்பல சார்" என்றேன்.

கட்டிகளை உடைத்ததிலிருந்து இரண்டாவது தராசு வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் ஆய்வேட்டை மூடினார். மேற்கொண்டு அவர் கேட்டது, குடிக்கக் காபி கிடைக்குமா என்பதுதான்.

வெளியே வராந்தாவில் டவுட்டு அண்ணன் கையில் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பாஸ்ணா."

"யாரு சொன்னா?"

"எக்ஸாமினர்தான்."

"சும்மானா சொல்லியிருப்பாரு. இரு." பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, தேர்வாளரையே கேட்டுவிட உள்ளே போனார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கேக். மேலே சிவப்பு க்ரீமில் 'டாக்டர் தங்கச்சி' என்று எழுதியிருந்தது. அந்தக் கடையில் பெயர் எழுதி வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.